கேட் ஓரத்துக்குச் செம்பருத்தியா, இட்லிப்பூவா, நந்தியாவட்டையா, அரளியா?

புதுத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சாவி வாங்கியவர்கள், பழைய டெரஸ் வீட்டைப் புதுப்பித்துக் கட்டியவர்கள், கொண்டோவில் நாலு தொட்டிக்கு மட்டும் இடம் உள்ளவர்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றி இந்த நான்கு செடிகளில்தான் வந்து நிற்கிறார்கள். நான்கும் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும், நான்கின் பூவையும் சாமிக்குப் போடலாம், நான்குமே கோலாலம்பூர், பினாங்குப் பக்கம் வளரக்கூடியவை. அதனால்தான் குழப்பம். நர்சரியில் கேட்டால் அன்றைக்கு எது பூத்திருக்கிறதோ அதைக் காட்டுவார்கள், மாமியாரைக் கேட்டால் தோட்டத்து லயத்து வாசலில் எது நின்றதோ அதைச் சொல்வார். என் கட்சி நந்தியாவட்டை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது சரிப்படாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் வெயில். நம் வீடுகளில் கேட் ஓரத்து மண் பெரும்பாலும் போர்ச் கூரைக்கு முன்னால் ஒரு பட்டையாகக் கிடக்கும். வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது இங்கே ரொம்ப முக்கியம். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறது, பினாங்கு 5 டிகிரி. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த வீட்டில் ஜூனில் கொளுத்துகிற அதே இடம் டிசம்பரில் கூரை நிழலில் கிடப்பது இதனால்தான். "ஆறு மாசம் நல்லாப் பூத்தது, அப்புறம் என்னவோ ஆச்சு" என்று செடிக்கு மருந்து தேடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு திசைகாட்டி.

அடுத்தது மண். புதுத் தாமான்களில் அந்தப் பட்டையைத் தோண்டிப் பார்த்தால் மேலே அரை அடி செம்மண், அதற்குக் கீழே உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்டுக் கட்டி, ஓட்டுத் துண்டு. சிமெண்டும் சுண்ணாம்பும் கரைந்து மண்ணில் காரத்தன்மை ஏறும். சில செடிகள் அதைக் கண்டுகொள்ளாது, சில செடிகளுக்கு அதுதான் எமன்.

மூன்றாவது, பூ எதற்கு? காலையில் பறித்துப் பூசை மேடைக்கு வைக்கவா, கட்டி மாலையாக்கவா, அல்லது பறிக்காமல் வேலியாக நின்று பார்வைக்கு இருக்கவா? இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் செடி வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

நான்காவது, வீட்டில் யார் இருக்கிறார்கள்? எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற வயதில் குழந்தை, செடியைக் கடிக்கிற நாய்க்குட்டி, இலைக்கு அடியில் பூச்சி பார்க்க நேரமே இல்லாமல் வேலைக்கு ஓடுகிற குடும்பம், எல்லாமே கணக்கில் வரும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு:

| | செம்பருத்தி | இட்லிப்பூ | நந்தியாவட்டை | அரளி |
|---|---|---|---|---|
| வெயில் | நாளுக்கு 6 மணி நேரமாவது | நல்ல வெயில் | அரை நாள் போதும் | முழு நாள் |
| சிமெண்டு கலந்த மண் | சமாளிக்கும், வாட்டம் தெரியும் | ஆகாது | ஓரளவு தாங்கும் | கவலையில்லை |
| பூ | ஒரு நாள் | கொத்து வாரக்கணக்கில் | தினமும் கொஞ்சம் | கொத்துக் கொத்தாக |
| பெரிய தொல்லை | மாவுப்பூச்சி | இலை வெளுப்பு, எறும்பு | பச்சைப் புழு | ஈரம் |
| நச்சு | இல்லை | இல்லை | உண்டு, பால் | கடும் நச்சு |

## செம்பருத்தி

நாட்டின் தேசிய மலர், 1960ஆம் ஆண்டிலிருந்து. ஐந்து இதழையும் ருக்குன் நெகாரா என்கிற தேசியக் கொள்கையின் ஐந்து கோட்பாடுகளோடு சேர்த்துச் சொல்வது பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குத் தெரிந்தது. அதனாலேயே 'இந்த ஊருச் செடி, தானாக வளரும்' என்று ஓர் எண்ணம். வளரும், சந்தேகமில்லை. ஆனால் நான்கில் அதிகம் கவனிப்புக் கேட்பதும் இதுதான்.

வாங்கும்போதே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். பழைய ஒற்றைச் சிவப்பு வேறு, கையகலப் பூவோடு மஞ்சள், ஊதா, இரண்டு நிறக் கலப்பு என்று தொட்டியில் விற்கும் ஒட்டுச்செடி வேறு. ஒட்டுச்செடிகள் பலவற்றில் வேர்ப்பகுதி ஒரு வலுவான ரகம், மேலே அலங்கார ரகம். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளையைக் கிள்ளாமல் விட்டால், வருடம் திரும்புவதற்குள் மேல்ரகம் நொந்துபோய்ச் சாதாரணப் பூதான் மிஞ்சும். இன்னொன்று, சில தொட்டிச் செடிகள் குட்டையாக, அடர்த்தியாக இருப்பதற்கு வளர்ச்சியை அடக்கும் மருந்து காரணம். மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்கு நீண்டுவிடும். உங்கள் கைராசியில் ஒரு கோளாறும் இல்லை.

"மொட்டு வருது, விரியவே மாட்டேங்குது" என்று ஒரு புகார் அடிக்கடி வரும். பூ சின்னதாக, சுருட்டிய குடைபோல மூடியே தொங்குகிறதா, நடுத்தண்டு மட்டும் நுனியில் எட்டிப் பார்க்கிறதா? அப்படியென்றால் உங்களிடம் இருப்பது மிளகாய்ச் செம்பருத்தி. சொந்தக்காரச் செடிதான், ஆனால் அதன் பூ விரியவே விரியாது. உரம் போட்டுப் பிரயோசனமில்லை.

மறைமுகச் செலவு பூச்சியில் இருக்கிறது. இளம் நுனி சுருண்டு, வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் மாவுப்பூச்சி. பக்கத்தில் பப்பாளி மரம் இருந்தால் தொல்லை இரட்டிப்பு, பப்பாளியைத் தாக்கும் மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் குடியேறும். நுனியை வெட்டிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, மற்ற இடங்களில் ஹோஸ் தண்ணீரை வேகமாக அடித்து, சாயங்காலத்தில் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தால் கட்டுக்குள் வரும். வேர் வழியாகச் செடி முழுக்கப் பரவும் பூச்சிமருந்தை மட்டும் தொடவேண்டாம். இலையைத் தலைக்கு அரைத்துத் தேய்க்கிறோம், பூவைக் குழந்தை தொடுகிறது, அந்த மருந்து இரண்டிலும் ஏறியிருக்கும்.

உரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 'பூக்க வைக்கும் உரம்' என்று விற்பதில் 15-30-15 மாதிரி நடு எண் பெரிதாக இருக்கும், அது பாஸ்பரஸ். செம்பருத்திக்கு அது அதிகமானால் கெடுதல், இலை வெளுத்துவிடும். நடு எண் சிறியதாக, கடைசி எண் பெரியதாக இருக்கும் உரத்தைத் தேடுங்கள்.

யாருக்கு இது சரி? காலையில் பூப்பறிக்கும் சாக்கிலாவது தினமும் செடி பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு. அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் சிவப்புப் பூ வைக்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமானது இல்லை, பறித்த பூ தண்ணீரில் வைக்காமலே சாயங்காலம் வரை விரிந்தே இருக்கும். சனிக்கிழமை மட்டும் செடியைப் பார்ப்பீர்கள் என்றால் வேண்டாம்.

## இட்லிப்பூ

நம் பழைய வெட்சி. ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ, முருகனுக்கு உகந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த ஊர், காப்பிச்செடியின் குடும்பம். மலாய்க்காரர் நர்சரியில் 'சியாந்தான்' அல்லது 'ஜெஜாரும்' என்று கேட்டால் உடனே புரியும்.

அடையாளம் ரொம்பச் சுலபம்: மெல்லிய நீளக் குழாய், நுனியில் நான்கு இதழ், அப்படி நிறையப் பூ சேர்ந்த ஒரு கொத்து. ஆனால் 'இட்லிப்பூ' என்று விற்பதில் பல இனம் கலந்து கிடக்கிறது. இதழ் நுனி கூராக, இலை கிட்டத்தட்டக் காம்பே இல்லாமல் தண்டில் உட்கார்ந்திருந்தால் அசல் வெட்சி. இதழ் நுனி மழுங்கி உருண்டிருந்தால் சீன இனம். நீள இலையும் ஆரஞ்சுப் பந்துபோன்ற பெரிய கொத்தும் என்றால் ஜாவா இனம், அது ஆள் உயரம் தாண்டும். இலை விரல் நுனி அளவுக்குச் சின்னதாக நெருங்கியிருந்தால் குட்டை ரகம், சாலை நடுவே வரிசையாக நட்டிருப்பார்களே, அது. மூன்றடி வேலிக்குப் பெரிய ரகத்தை வாங்கி நட்டுவிட்டு மாதாமாதம் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம், ஏனென்றால் இங்கேதான் விஷயமே இருக்கிறது: இட்லிப்பூவின் மொட்டு கிளை நுனியில் மட்டும் வரும். புல் வெட்ட வருகிறவர் கையிலுள்ள மெஷினால் மேலே மட்டமாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போவார், பார்க்க அழகாக இருக்கும், வரப்போகிற பூ முழுக்கக் குப்பைப் பையில் இருக்கும். பூக்காத இட்லிப்பூ வேலிகள் நம் தாமான்களில் நிறைய உண்டு, பெரும்பாலானவற்றில் கோளாறு மெஷின்தான். ஒரு சுற்றுப் பூத்து வாடியதும் வெட்டுங்கள், பிறகு அடுத்த சுற்று முடியும் வரை விடுங்கள்.

இரண்டாவது சிக்கல் மண். சிமெண்டுச் சுவர் ஓரமாக நட்ட இட்லிப்பூவின் புது இலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும், நடுவெல்லாம் மஞ்சள், முற்றினால் கிட்டத்தட்ட வெள்ளை. காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாததால் வருவது இது. சாதாரண உரத்தைக் கூட்டினால் சரியாகாது. கீலேட் வகை இரும்பு உரம் கொடுத்தால் புது இலை பச்சையாகும், ஆனால் மண்ணைத் திருத்தாத வரை அதை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஆரம்பத்திலேயே ஒன்றரை, இரண்டடி ஆழத்துக்குக் கட்டடக் குப்பையை வாரிக் கொட்டி, நல்ல மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கூலி, மண் மூட்டை, குப்பையை ஏற்றிப் போக லாரி எல்லாம் சேர்த்தால் செடி விலை ஒன்றுமே இல்லை. நான்கு செடிகளிலும் வாங்க மலிவு, நட விலை அதிகம் என்றால் இதுதான்.

எறும்பும் சேரும். செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்புக்கு எறும்பு வரும், அந்த இனிப்பின்மேல் கரும்பூசணம் படியும், இலை புகை பிடித்ததுபோல் ஆகிவிடும். கெரெங்கா என்கிற சிவப்பு எறும்பு இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தால் பூப்பறிக்கக் கை நீட்டும்போது தெரியும்.

நல்ல மண்ணும் வெயிலும் கிடைத்துவிட்டால் வேலிக்கு இதை அடிக்க ஆளில்லை. ஒரு கொத்து வாரக்கணக்கில் நிற்கும், குழந்தை பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சினாலும் பயமில்லை. பறித்துப் பூசைக்குப் போட மட்டும் என்றால் நான் சொல்லமாட்டேன், கொத்தைப் பறித்தால் அந்தக் கிளையில் மறுபடி பூ வர நாளாகும்.

## நந்தியாவட்டை

பளபளப்பான கரும்பச்சை இலை எதிரெதிராக, காற்றாடிபோல் ஒரு பக்கம் வளைந்த ஐந்து வெள்ளை இதழ், இலையைக் கிள்ளினால் பால். இந்த மூன்றும் சேர்ந்தால் நந்தியாவட்டை, மலாயில் 'சுசுன் கெலாப்பா'. ஒற்றையும் உண்டு, அடுக்கும் உண்டு. ஒற்றையில் இரவு வாசனை நன்றாக இருக்கும், மொட்டாகப் பறித்தால் கட்ட வசதி. அடுக்கு பார்க்கப் பூரிப்பாக இருக்கும், சிவனுக்கு நாலு பூ வைத்தாலே மேடை நிறைந்துவிடும்.

வெள்ளைப் பூ என்றாலே நர்சரியில் கலந்து கொடுத்துவிடுவதால் இரண்டு ஆள்மாறாட்டத்தைச் சொல்ல வேண்டும். கார்டீனியா கிட்டத்தட்ட இதேபோல் இருக்கும், ஆனால் கிள்ளினால் பால் வராது, வாசனை கனமாக இருக்கும், பூ வாடும்போது வெண்ணெய் நிறத்துக்கு மஞ்சளாகும். மண் விஷயத்தில் அதுவும் இட்லிப்பூ போலக் கெடுபிடி. இரண்டாவது கெமுனிங். அதன் இலை கறிவேப்பிலைபோலச் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், பூ எலுமிச்சம்பூ வாசனை, சிவப்புப் பழம். அழகான வேலி, ஆனால் எலுமிச்சைச் செடிகளுக்குப் பசுமை நோயைப் பரப்பும் சின்னப் பூச்சி அதில் பெருகும். வீட்டில் லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை வைத்திருப்பவர்கள் யோசிக்கவும். கறிவேப்பிலையிலும் அதே பூச்சி வரும் என்பது உண்மை, அதற்காக நாம் கறிவேப்பிலையைப் பிடுங்கப் போவதில்லை.

நந்தியாவட்டையை நான் தூக்கிப் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் வெயில். நாளில் பாதி நேரம் நிழலில் இருந்தாலும் பூப்பது இந்த நான்கில் இது ஒன்றுதான். வடக்குப் பார்த்த போர்ச் ஓரத்தில் டிசம்பரிலும் தினமும் சில பூவாவது கிடைக்கும். வளர்ப்பும் சுலபம், வெட்டிய குச்சியில் பால் நின்றபின் நிழலில் மண்ணில் குத்திவைத்தால் பெரும்பாலும் வேர் விடும். தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும், கேட்டால் கொடுக்காத ஆன்டி இல்லை.

தொல்லை ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் போர்ச் சிமெண்டில் மிளகைவிடப் பெரிய கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடக்கும். எலி என்று நினைத்துவிடாதீர்கள், நிமிர்ந்து பார்த்தால் மேலே ஒரு கிளை மொட்டையாக இருக்கும். மொட்டைக்கு அடுத்த இலையின் அடிப்பக்கம், காம்போடு ஒட்டி, விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு, வாலில் சின்னக் கொம்பு, தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு நீலக் கண்போன்ற வட்டம். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது, அரளியிலும் நித்தியகல்யாணியிலும் கூட மேயும். கொட்டாது, கடிக்காது. மருந்தே வேண்டாம், இலையோடு கிள்ளி எடுத்துவிட்டால் போதும், செடி மறுபடி துளிர்க்கும். அந்த வட்டங்களைப் பார்த்துப் பாம்பு என்று அலறுகிறவர்களும் உண்டு.

பால் விஷயத்தில் மட்டும் கவனம். தோலில் சிலருக்கு அரிக்கும், துணியில் கறை ஏறும். நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் ஒற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, மூடிய கண்மேல் கழுவிய பூவை வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாறு பிழிந்து விடுவது வேண்டாம். காம்பில் பால் இருக்கும், செடியில் ஆல்கலாய்டுகளும் இருக்கின்றன. இலை தின்னும் நாய்க்குட்டி இருந்தால் வேலிக்குள் இது கூடாது.

## அரளி

சுருக்கமாக முடிக்கிறேன். நீண்ட ஒடுங்கிய கெட்டி இலை, ஒரு கணுவில் மூன்று மூன்றாக. முருகனுக்கும் துர்க்கைக்கும் செவ்வரளி மாலை என்பதால் ஆசை வருவது நியாயம். ஆனால் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நச்சு, எரித்தால் புகையும் ஆகாது. மஞ்சள் அரளி வேறு செடி, அதன் விதை இன்னும் மோசம். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பை ஒதுக்கிவைத்தாலும் கோலாலம்பூர் மழை இதற்கு ஒத்துவராது. வேரில் ஈரம் நின்றால் சோர்ந்துவிடும், அடுக்குப் பூ மழையில் ஊறித் தொங்கிவிடும். இதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு: பினாங்கில் தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலைப் பார்த்த பால்கனி. உப்புக் காற்றையும் வறட்சியையும் அரளி தாங்குகிற அளவுக்கு மற்ற மூன்றும் தாங்காது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, முழு வெயில், கடற்காற்று, மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம்.

## தொட்டியா, தரையா?

தொட்டிக்கு வந்துவிட்டால் கணக்கு மாறும். இட்லிப்பூவின் மண் பிரச்சினை ஓடிவிடும், ஏனென்றால் மண்ணை நீங்களே கலக்கிறீர்கள். குட்டை ரகம் வாங்கி வெயிலில் வைத்தால் கொண்டோவுக்கு அதுதான் முதல் தேர்வு என்பேன். செம்பருத்தி தொட்டியில் தண்ணீர் அதிகம் கேட்கும், பகலில் வாடித் தலை தொங்கும். தண்ணீர் வெட்டு நாட்களில் குளிக்க வாளி நிரப்புகிறோமா செடிக்கு நிரப்புகிறோமா என்ற நிலை வரும். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காயும் மாதங்களில் இது இன்னும் கஷ்டம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுத்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தான செலவு. அதில் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து லார்வா பார்த்தால் 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்கீழ் 500 வெள்ளி வரை அபராதம் எழுதலாம், டிங்கி காய்ச்சல் தனி. தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது விளிம்பு வரை மணல் கொட்டுங்கள்.

## வாங்கப் போகும்போது

கோலாலம்பூர்காரர்களுக்குச் சுங்கை பூலோ சாலையை விட்டால் வேறு யோசனை தேவையில்லை. 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பில் குணமானவர்கள் தொடங்கிய நர்சரிகள் அவை, இன்று வரிசை வரிசையாக இருக்கின்றன. காலையில் போங்கள், கூட்டமும் குறைவு, செம்பருத்தி எந்த நிறம் என்று பூவிலேயே பார்க்கலாம்.

பெயர்ப் பலகையை நம்பாமல் ஒரு முதிர்ந்த இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா பாருங்கள், கணுவில் எத்தனை இலை என்று எண்ணுங்கள், பூ இருந்தால் இதழ் எண்ணுங்கள். நான்கு செடியையும் பிரிக்க இது போதும். அப்புறம் பொலிபேக்கின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் போயிருந்தால், அல்லது உள்ளே வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால், செடி எவ்வளவு பூத்திருந்தாலும் எடுக்காதீர்கள். நிறையப் பூவோடு நிற்கிற பெரிய செடியைவிட, இளம் துளிரோடு முழங்கால் உயரத்தில் நிற்கிற செடி தரையில் சீக்கிரம் பிடிக்கும், விலையும் குறைவு. அக்டோபர், நவம்பர் மழை தொடங்கும் சமயத்தில் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை பெரும்பாலும் மிச்சம். வேலிக்கு வெளியே, சாலையோரப் புல்லில் மட்டும் நட்டுவிடாதீர்கள். அது மாநகர் மன்றத்தின் இடம், கால்வாய் வேலைக்கு வந்தால் உங்களிடம் கேட்காமலே பிடுங்குவார்கள்.